அம்மா பேசிய போன்

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அம்மா திருநெல்வேலியிலிருந்து, தெலுங்கு பேசும் ஊரான உப்பலில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். அப்பாவுக்குத் தொண்டையில் புண், டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். என் கணவர் அவசரமாகத் தலையாட்டினார். பொய் சொல்ல வராத மனுஷன்.

அம்மா நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் சங்கிலி இருந்தது. செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், கால் விரலில் மெட்டி இல்லை. அது இருந்த இடம் வெளுத்திருந்தது. அப்பா போய்விட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டார்கள் எங்கள் வீட்டில். நானும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயம்.

தினமும் சாயங்காலம் அம்மா பால்கனியில் நின்று, எனக்குக் கேட்கும்படி போன் பேசுவாள். “நீங்க பேச வேண்டாம், கேட்டுக்கிடுங்க. இன்னைக்கு அவ நல்லா சாப்பிட்டா.” நான் பேசட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. பிள்ளையின் எடை போதவில்லை என்ற டாக்டரம்மா, வீட்டில் ஏதாவது கவலையா என்று தெலுங்கில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், ஒன்றுமில்லை, ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள் என்றார். டாக்டரம்மா என்னையே பார்த்தார். “எதுவா இருந்தாலும் அடக்கி வைக்காதம்மா. உனக்கும் நல்லதில்ல, பிள்ளைக்கும் நல்லதில்ல.”

அன்று சாயங்காலம் பால்கனிக்குப் போனேன். அம்மா போனும் கையுமாக நின்றாள்.

“அம்மா, மெட்டி எங்கே?”

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். போன் காதிலேயே இருந்தது.

“எப்போட்டி தெரிஞ்சுது?”

“நீ வந்த அன்னைக்கே.”

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லையே என்று அவளைத் திட்டினேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. உள்ளே என் கணவர் அழுவதும் கேட்டது. அடுத்தடுத்த வாரங்களில் பிரஷர் இறங்கியது, நான் தூங்கினேன், வீட்டில் எல்லோரும் வாய்விட்டுப் பேசினோம்.

ஆனால் நாங்கள் அழுததற்கு மறுநாள் சாயங்காலமும் அம்மா பால்கனிக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“நீங்க பேச வேண்டாம்,” என்றாள் மெதுவாக. “அவகிட்ட சொல்லிட்டேன்.”