நாலு பன்னிரண்டுக்கு அடித்த மணி

நம்பாதவர்கள் விடலாம். ஆனால் இது அனஸ்ரேசியாவுக்கு நடந்தது. 2007 தை மாதம், ஒஸ்லோவில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில்.

மன்னாரில் ஆங்கில ரீச்சராக இருந்தவள். ஒஸ்லோவில் விடியக்காலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அது முடிய, மதியம் மார்க்கஸ் என்ற நோர்வீஜியக் கிழவரின் வீட்டில் இன்னொரு வேலை. அவருடைய தாய்வழி முன்னோர் ஐசக் என்பவர், இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் கோதுமை மா அரைக்கும் ஆலை நடத்தியவர். ஐசக்கின் நாட்குறிப்பைப் பார்த்து, நிலக்கீழ் அறையில் இருந்த கணினியில் அடித்துக் கொடுக்க வேண்டும்.

ஐசக் குவேக்கர் சபைக்காரர். அந்தச் சபையில் பாதிரியாரும் இல்லை, பாட்டும் இல்லை. வாய் திறக்காமல் இருந்து செபிப்பார்கள். ஆளுநர் முன்னாலும் தொப்பி கழற்றமாட்டார்கள். பட்டாளத்துக்கு மா அரைக்க மறுத்ததால் ஐசக்கின் இரண்டு குதிரைகளையும் அதிகாரிகள் கொண்டுபோய்விட்டார்கள். அன்று அவர் எழுதியது ஒரே வரி. "கோதுமையை முதுகில் சுமந்தேன். களைப்பு."

அந்த வரியால்தான் அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. அவளுக்கும் களைப்பு. எலும்புக்குள் இறங்கிய களைப்பு.

செவ்வாய்க்கிழமை. குளிர்காலம் என்பதால் பின்னேரம் நாலு மணிக்கே வெளியே இருண்டுவிட்டது. கண் சொருகியது.

டிங்... டிங்... டிங்.

திடுக்கிட்டு எழும்பினாள். நேரம் 4:12. அறையில் மணி எதுவும் இல்லை. விசைப்பலகையில் மெல்லிய வெள்ளைத் தூசு. தொட்டுப் பார்த்தாள்.

மா.

புதன். மறுபடி கண் சொருகியது. மறுபடி மணி. 4:12. இம்முறை தரையும் அதிர்ந்தது. பெரிய கல் சுழல்வதுபோல... கர்ர்... கர்ர்...

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். தானியம் தீர்ந்தால் ஆலையில் கல்லும் கல்லும் உரசித் தீப்பொறி பறக்குமாம். தானியம் குறைந்ததும் அடிக்க ஐசக் ஒரு மணி கட்டியிருந்தாராம்.

வீட்டில் கணவன் அல்பேர்ட்டிடம் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை மணி அடிக்குது. மணியைக் காணேல்லை."

"நித்திரை இல்லாமல் திரிஞ்சா இப்பிடித்தான். அந்த வேலையை விடுமப்பா."

"இன்னும் பத்துப் பக்கம்தானே."

வியாழன். கடுங்குளிர். சின்ன ஹீற்றரைக் காலடியில் வைத்தாள். தலையை மேசையில் சாய்த்தாள்.

மணி அடித்தது.

எழும்ப முடியவில்லை. உடம்பு மரத்துக் கிடந்தது.

மணி... மணி...

நின்றுவிட்டது.

காலடிச் சத்தம்.

தோளில் ஒரு கை. கனமான கை.

காதருகே ஆங்கிலத்தில் ஒரு குரல். "எழும்பு. நீ இங்கே உறங்கக் கூடாது."

கண்ணைத் திறந்தாள்.

புகை!

கதிரையிலிருந்து நழுவிய அவளுடைய ஜக்கெற், ஹீற்றரின் மேல் கிடந்து எரிந்துகொண்டிருந்தது.

வயரைப் பிடுங்கினாள். கத்திக்கொண்டே படியேறினாள். மார்க்கஸ் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து நெருப்பை அணைத்தார். பிறகு அவளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய கறுப்புச் சுவெற்றரின் தோளில் ஐந்து விரல்கள். வெள்ளையாக.

அவள் பிறகு அங்கே போகவில்லை. மீதிப் பக்கங்களை மார்க்கஸ் தானே வாசித்தார். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

"கடைசிப் பக்கத்தை நீங்கள் வாசித்தீர்களா?"

"இல்லை. அதுவரை நான் போகவில்லை."

அவர் மெல்ல வாசித்துக் காட்டினார். ஐசக்கின் மனைவி ஹன்னா, பகல் முழுவதும் மூட்டை சுமந்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஆலைக்குள்ளேயே உறங்கிப்போனாள். பாவம், களைத்திருக்கிறாள் என்று நினைத்த ஐசக், வாய்க்கால் மதகைப் பார்க்கத் தனியே வெளியே போனார். நாலு பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தபோது ஆலை எரிந்துகொண்டிருந்தது. கதவருகே போகவே முடியவில்லை.

அதன் கீழே ஒரே ஒரு வரிதான். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

"எழுப்பியிருக்க வேண்டும்."