பூன்மி அண்ணையின் இஸ்ஸரா

போன சனிக்கிழமை இங்கே சுவிஸில், பூம்ப்ளிஸில் எங்கடை தமிழ்க் கடையில் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கினேன். முதுகுக்குக் கீழே நாரி பிடித்துக்கொண்டது. "ஈஸ்வரா!" என்று வாய் தன்பாட்டில் கத்திவிட்டது. கத்தின கையோடு பின்னால் திரும்பிப் பார்த்தேன் பாருங்கோ, அதுதான் விசர். "அப்பா, ஆரைத் தேடுறியள்?" என்று மகள் கேட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கடின் என்கிற மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். ஊரில் ஆராவது கேட்டால் மட்டும் 'ஹோட்டலில் பொறுப்பான வேலை'. பக்கத்துத் தொட்டியில் நின்றவர் பூன்மி. லாவோஸ்காரர், என்னிலும் நல்ல மூப்பு, அதனால் எனக்குப் பூன்மி அண்ணை. மூங்கில் பெட்டியில் ஒட்டுச்சோறு கொண்டுவருவார். மூடியைத் திறந்தால் பொங்கலன்றைக்குப் புக்கை இறக்கின வாசம் வரும். இரண்டு பேருக்கும் டொச்சு, அதுதான் ஜெர்மன் பாஷை, அரைகுறை. அதை இங்கே நான்தான் தமிழாக்கி விடுகிறேன்.

ஒரு நாள் சூப்புக் கிடாரத்தைக் கவிழ்க்கும்போது இதே "ஈஸ்வரா!" வந்தது. பூன்மி அண்ணை பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நிமிர்ந்து விறைத்துப்போய் நின்றார்.

"நீயும் இஸ்ஸராவோ?"

"ஓம் அண்ணை, நாங்கள் பரம்பரை பரம்பரையா ஈஸ்வரன்ரை ஆக்கள்."

மனிசன் நுரைக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். அட, லாவோஸிலும் சைவ ஆக்கள் இருக்கினமே என்று எனக்குப் புல்லரித்தது. அடுத்த நாள் பெருமையாகச் சிவன் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கழுத்துப் பாம்பை உற்றுப் பார்த்தார்.

"இவர்தான் உங்கடை தலைவரோ? எந்தக் காட்டிலை இருக்கிறார்?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர்களின் பேச்சில் இஸ்ஸரா என்றால் விடுதலை. பிரெஞ்சுக்காரனை விரட்டக் கிளம்பினவர்கள் தங்களுக்கு வைத்த பெயரும் அதுவாம். அவருடைய அப்பா அவர்களில் ஒருவர், விமானம் சுடச் சுட மேக்கொங் ஆற்றைக் கடந்து தப்பினவர். பிரெஞ்சுக்காரன் பக்கம் சாய்ந்த ராசாவை அவர்கள் இறக்கினார்களாம். பிறகு அவர்களே கும்பிட்டுத் திரும்ப ஏற்றினார்களாம். "ராசா இல்லாமல் நாடு எப்பிடி?" என்று என்னைக் கேட்டார். எங்கடை கடைசித் தமிழ் ராசாவை அந்தக் காலத்தில் பறங்கி கொண்டுபோய்க் கொன்றதையே மறந்துபோன ஆளிட்டை இந்தக் கேள்வி!

நாடு விடுதலையானது. பிறகுதான் வினை. அப்பாவோடு ஆற்றைக் கடந்தவர்களே இரண்டாகப் பிரிந்து அடிபட்டார்கள். வென்ற பக்கம் முடியாட்சியை ஒழித்து, அப்போதைய ராசாவை வடக்கே மலைக்காட்டு முகாமுக்குக் கொண்டுபோனது. பூன்மி அண்ணையின் கூடப்பிறந்த மூத்தவர் அந்த ராசாவின் கார்ச் சாரதி. தனியே விடமாட்டன் என்று தானும் கூடப் போனவர். அவர் உயிரோடு இருக்கிறார், வருவார் என்ற நம்பிக்கையில்தான் இந்த மனிசன் சாப்பிட்டது, படுத்தது எல்லாம். சுவிஸ் பாஸ்போட் எடுங்கோ என்றால், "வேறை நாட்டுக்காரனாகி ராசாவை விட்டிட்டியோ எண்டு அண்ணை வந்து கேட்டா?" என்பார். ஹோட்டல் போன் அடித்தால் முதலில் நிமிர்வது அவர் தலைதான்.

ஒரு மத்தியானம் போன் அவருக்கே வந்தது. பாரிஸிலிருந்து ஊர்க்காரர் ஒருவர். முகாமிலிருந்து வெளியே வந்த ஆளைச் சந்தித்தாராம். மூத்தவர் ராசாவுக்கு முன்னமே பசியில் செத்துப்போனாராம். புதைத்த இடம் தெரியாது. ராசாவைப் புதைத்த இடமே தெரியாதாம், சாரதியை ஆர் தேடுவது?

திரும்பி வந்து கோப்பை கழுவினார். கழுவினபடியே சொன்னார்.

"பிரெஞ்சுக்காரன் கொன்றிருந்தா அழுதிருப்பன். இது எங்கடை ஆக்கள். அப்பாவோடை ஆத்தைக் கடந்த ஆக்கள்."

எனக்கும் அதே கதைதான். என் அண்ணையை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனது ஆமிக்காரன் இல்லை. எங்கள் அம்மா கையால் சோறு தின்ற எங்கடை இயக்கப் பொடியள்தான். அண்ணை பிறகு வரவேயில்லை. சுவிஸுக்கு வந்து ஒருத்தருக்கும் சொல்லாததை அன்றைக்கு அவருக்குச் சொன்னேன். டொச்சு தேடவேண்டி இருக்கவில்லை. 'அண்ணை', 'எங்கடை ஆக்கள்', அவ்வளவுதானே. ஏழு கழுதை வயதான இரண்டு ஆம்பிளையளும் தொட்டிக்கு முன்னால் விக்கி விக்கி அழுதோம்.

பிறகு அவர் இறைச்சி சுற்றிக் கட்டும் வெள்ளை நூலில் ஒரு துண்டு வெட்டி என் மணிக்கட்டில் கட்டினார். பயந்து ஓடின உயிரை உடம்புக்குத் திரும்பக் கூப்பிடுகிற நூலாம். கட்டும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். நானும் அவருக்கு ஒன்று கட்டினேன். எனக்கு என்ன மந்திரம் தெரியும்? "ஈஸ்வரா" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு எப்போதும் நிமிர்கிறவர், அந்த முறை நிமிரவில்லை.

அந்த ஹோட்டலை இடித்து விடுமுறை வீடுகள் கட்டிவிட்டார்கள். பூன்மி அண்ணை நொஷாட்டல் பக்கம் போய், கடைசிவரை பாஸ்போட் எடுக்காமலே காலமானார் என்று கேள்வி. இப்போது நான் 'ஈஸ்வரா' என்றால் அது வெறும் நாரி நோவு. விடுதலை என்று கேட்டு நிமிர ஒரு சீவன் இல்லை.

"ஆரையும் இல்லைப் பிள்ளை," என்று மகளுக்குச் சொல்லிவிட்டு மூட்டையைக் காரில் ஏற்றினேன்.