டிவிடெண்ட் பார்த்துச் சூளை ஏற்றிய அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்குத் தம்பிதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணன் மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பது இதைக் கையில் வாங்கும் உறவினர் எல்லாருக்கும் தெரியும். மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்த அண்ணன், அப்பா தவறியதும் படிப்பை விட்டுவிட்டு, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கூலிக்குச் சேர்ந்தார். மண் பிசைந்து, சுடுவதற்குச் சரக்கை அடுக்கிச் சூளை ஏற்றி, பிறகு சொந்தமாக, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் பட்டறை வைத்தார். மழையில் சரக்கு காயாமல் வேலை நின்ற நாட்களிலும் அங்கே வேலை செய்த பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தார். என்னைப் படிக்கவைத்ததும், கடைவீதியில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடை வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

மின்விசிறி, ஃப்ரிட்ஜ், பைக், டிராக்டர் செய்யும் நாலு கம்பெனிகளில் அண்ணன் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருந்தார். பங்கு விலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். லாபத்திலிருந்து பங்குக்காரர்களுக்கு ஆண்டுதோறும் கம்பெனி பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்டைத்தான் பார்ப்பார். "லாபத்தைப் பேப்பர்ல எப்படி வேணா எழுதலாம்டா. டிவிடெண்டுன்னா கையில ரொக்கம் இருந்தாத்தான் குடுக்க முடியும். அரிசி வாங்கறதைத் தள்ளிப்போட முடியாது, ஃப்ரிட்ஜு வாங்கறதைத் தள்ளிப்போடலாம். ஜனங்க கையை இறுக்கிப் புடிச்சா மொதல்ல இவங்களுக்குத்தான் தெரியும்" என்பார். ஒரு கம்பெனி மட்டும் கூட்டிக் கொடுத்தால் நம்ப மாட்டார். நாலும் கூட்டினால்தான் வரும் காலம் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

அப்படி நாலும் கூடிய ஆண்டில் தொழிற்பேட்டை டீக்கடையில் எல்லாருக்கும் அண்ணன் செலவில் ஜாங்கிரி. குறைந்த ஆண்டில் வெறும் டீ. ஜாங்கிரி என்றால் மற்ற பட்டறைக்காரர்களும் சூளையை நிறைய ஏற்றுவார்கள். டீ என்றால் பாதிதான். ஃப்ரிட்ஜை விற்கிறவன் நான். ஜனங்கள் வாங்குகிறார்களா இல்லையா என்பது என் கடை வாசலிலேயே தெரியும். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வளையல் வாங்கலாமா என்றால் என் மனைவிகூட, "பெரியவரைக் கேட்டுட்டு வந்துடுங்க" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மகளுக்கு நிச்சயம் முடிந்த மகிழ்ச்சியில் நானும் அதே டீக்கடையில் ஜாங்கிரி கொடுத்தேன். இரண்டு நாளில் தொழிற்பேட்டைச் சூளைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அண்ணன் கொடுத்தனுப்பியது என்று நினைத்துவிட்டார்கள்! உண்மையில் அந்த ஆண்டு டிவிடெண்ட் குறைந்திருந்தது. அண்ணன் வெயிலில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, "அது எங்க தம்பி பொண்ணு நிச்சயத்துக்குக் குடுத்ததுங்க. நெருப்பு போட்டுடாதீங்க, பாதியை எறக்கிடுங்க" என்று சொன்னார். இறக்கினார்கள். பின்னர் சரக்கு போகாமல் தேங்கிய மாதங்களில், அதனால்தான் பிழைத்தோம் என்றார்கள். என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள், வாசலில் நின்று வரவேற்ற என்னைத் தாண்டிப் போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவன் நான்!

பீங்கான் தூசு கடைசியில் அவர் நுரையீரலைத் தின்றது. புதுச்சேரி மருத்துவமனையில் மூச்சு வாங்கியபடியே என் கடை வியாபாரத்தைத்தான் விசாரித்தார். அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓட்டிய மங்கலம்பேட்டை நண்பருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த பட்டறைப் பெண்களுக்கும், சூளையை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த தொழிற்பேட்டை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

சென்ற மாதம் அண்ணி பெயருக்கு மாறிய பங்குகளுக்கு டிவிடெண்ட் வந்தது. நாலும் கூடியிருந்தது. விஷயம் கேள்விப்பட்டுப் பட்டறைக்காரர்கள் என் கடைக்கே வந்துவிட்டார்கள். "இனிமே நீங்கதான் சொல்லணுங்க. ஏத்தலாங்களா?" என்றார்கள். நான் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட கேள்வி. கல்லாவை விட்டு எழுந்து நின்று, "நாலும் கூடியிருக்குது. தாராளமா ஏத்துங்க" என்றேன்.

அவர்களில் மூத்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே அண்ணன் கொரலுங்க" என்றார்.

அவர்கள் கேட்டுவிட்டுப் போனது அண்ணனைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. கடையை அடைத்துவிட்டு அன்று முழுதும் அழுதேன்.