சுட்ட மரம் கூரைக்கு ஆகாது

மரத்தைச் சுட்டு விற்கிறவனுக்கு மரத்தோடு சண்டை இல்லை, வாங்க வருகிறவர்களோடுதான் முழுச் சண்டையும். கல்முனையில் மரம் விற்கும் மரக்காலை ஒன்று எனக்கு இருக்கிறது. காற்றுப் புகாத இரும்புப் போறணை அடுப்புக்குள் பலகையை அடுக்கி, தீப்பிடிக்காமல் இருநூறு பாகைவரை சூடேற்றுவேன். கோப்பி நிறத்தில் வெளியே வரும். மழையில் ஊறிப் பருக்காது, இலேசில் உக்காது. ஆனால் வளைந்து தாங்கும் பலம் குறைந்துவிடும். கடை வைத்துப் பட்டவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் காதில் நல்ல பாதி மட்டும்தான் ஏறும்.

ஓடாவியின் ஆணி

முதன்முதல் சுட்ட பலகையைக் கதவு செய்ய ஓடாவி கபீர் காக்காவிடம் கொடுத்தேன். துளை போட்டு ஸ்குரூ முடுக்கச் சொன்னேன். முப்பது வருடத் தச்சுக் கை, கேட்குமா? ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். பலகை நெடுக்காகப் பிளந்தது. மூன்றாவதும் பிளந்த பிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உங்கட மரத்துக்கு ஓடாவி வேணாம் தம்பி, பல்லு டொக்டர்தான் வேணும்."

உக்காத துடுப்பு

இது முழுக்க என் பிழை. சாய்ந்தமருது மீனவர் நிஸ்தாரின் துடுப்பு அடிக்கடி உக்கிப்போகிறதாம். தண்ணீர் குடிக்காத மரம் என்னிடம் இருக்கிறதே என்ற பெருமையில், சுட்ட மரத்தில் ஒன்று செய்து கொடுத்தேன். தண்ணீரை யோசித்தேன், அலையில் அவர் வலிக்கப்போகும் வேகத்தை யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் பாதித் துடுப்போடு வந்து நின்றார். ஆள் உயிரோடு வந்தாரே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். வெட்கத்தில் முகம் பார்க்க முடியவில்லை. அவரோ கோபிக்கவே இல்லை.

"நீங்க சொன்ன மாதிரி உக்கல்லதான் தம்பி. அதுக்கு முந்தி முறிஞ்சிட்டு."

ஹாஜியாரின் தீராந்தி

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். ஒரு ஹாஜியார் சம்பந்தி வீட்டில் "முழுக்கச் சுட்ட மரம்" என்று முழங்கிவிட்டு வந்து, கூரையைத் தாங்கும் தீராந்திக்கும் அதையே கேட்டார். முடியாது என்றேன். வேறு கடைக்குப் போவேன் என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. அந்தக் கூரையின் கீழே படுக்கப்போவது அவருடைய பிள்ளை.

ஒரே மரத்தில் அறுத்த இரண்டு சிலாகைச் சட்டங்களை எடுத்தேன், ஒன்று சுட்டது, மற்றது சுடாதது. செங்கற்களின் மேல் பாலம்போல வைத்து ஏறி நிற்கச் சொன்னேன். ஹாஜியாருக்கு நல்ல தேகம். சுடாதது வளைந்து முனகியது, ஆனாலும் தாங்கியது. சுட்டது வளையவே இல்லை, படக்கென்று இரண்டாக முறிந்தது. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்.

"சரி, கதவும் யன்னலும் சுட்டது, தீராந்தி சுடாத முதிரை மரம். ஆனா சம்பந்தி கேட்டா எல்லாம் சுட்டதெண்டே சொல்லுங்க, அந்தாள் கூரைக்குள்ள ஏறியா பாக்கப்போறாரு?"

மரத்தின் பலம் எந்தச் சூட்டில் குறையும் என்பது எனக்கு அத்துப்படி, பெண்ணைப் பெற்ற வாப்பாவின் வீறாப்பு எந்தச் சூட்டில் குறையும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.