பூனைக்கு நகம் வேண்டும் என்றவர்

கோயில் மலரில் பூனைக் கதை எழுதலாமா என்று தயங்கியே சில வருடங்கள் போய்விட்டன. ஆனாலும் அந்த மனிதரை நான் மறக்கவில்லை.

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், கேரம் டவுன்ஸ் கோயில் வாசலில்தான் அவரைக் கண்டேன். நெற்றி நிறைய விபூதி, கையெல்லாம் பூனைக் கீறல். வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளைச் சோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் எங்கள் பூனை சாமியறைப் பட்டுத் திரையைக் கிழித்திருந்தது. "நகத்தை எடுப்பி, இல்லாட்டி ஆருக்கும் குடுத்துவிடு" என்று என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். மகள் அழுதுகொண்டே இருந்தாள். கனடாவிலிருந்து அக்கா, "அது சின்ன வேலை" என்று போனில் சொன்னார். அவர் கைக் கீறல்களைப் பார்த்ததும், பூனை வளர்ப்பவராக்கும் என்று அவரிடமே கேட்டேன்.

"அங்கிள், பூனைக்கு நகம் எடுக்கிறது இஞ்ச எங்கை?"

"இஞ்ச சட்டம் விடாது, பிள்ளை. நகம் மட்டுமில்லை, விரல் நுனி எலும்பையும் சேர்த்தெல்லோ வெட்டுறது."

"முருகா! அப்ப திரை?"

"நகத்தின்ரை கூர்நுனியை மட்டும் வெட்டுங்கோ. திரைக்குப் பக்கத்திலை ஒரு தேங்காய்த் தும்புக் கால்மிதியைச் சுவரோடை அடிச்சு விடுங்கோ, அதைக் கீறட்டும். முருகன் என்ன, மயிலின்ரை நகத்தைப் பிடுங்கிப்போட்டே ஏறினவர்?"

கால்மிதிக்குக் கணவரே ஆணி அடித்தார். பூனையும் வீட்டில் இருக்கிறது, புதுத் திரையும் முழுசாக இருக்கிறது.

நன்றி சொல்லப் பல வெள்ளிக்கிழமைகள் தேடினேன். அவர் இல்லை, செருப்புகள் கலைந்து கிடந்தன. நானே சோடி சேர்த்துவிட்டு வந்தேன்.

இதை யாருக்காவது சொன்னால், "சின்ன வேலை" என்ற அக்காவைப் போலச் சுருக்காமல் முழுவதும் சொல்லுங்கள். அவர் வெட்டச் சொன்னது கூர்நுனியை மட்டும்தான்.