வேப்பிலை கட்டிய லயம்

அம்மா, அப்பா, அம்மா இடுப்பில் தங்கை செல்வி, பக்கத்தில் நான், எதிரே மருந்துப் பெட்டியோடு தாதி. அன்று ரப்பர் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்.

இன்று தஞ்சோங் காராங் கிளினிக்கில் பேரனுக்கு ஊசி போடும்போது ஸ்பிரிட் வாசனை அடித்தது. எனக்கு அந்த லயத்து நினைப்பு வந்துவிட்டது. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அப்போது பலகை வீடுகள், மழைக்கு அலறும் தகரக் கூரை, பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள் மேல் புளித்த ரப்பர் நாற்றம்.

ஒரு வீட்டில் அம்மை போட்டால் லயம் முழுக்க வேப்பிலை கட்டுவோம். எந்த வீட்டிலும் தாளிக்க மாட்டார்கள், கிழிந்த துணியைத் தைக்கக்கூட ஊசியைத் தொட மாட்டார்கள். அன்று பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை.

"அவனுக்கு வந்துருச்சு. இவளுக்காவது தடுப்பூசி போட்டுடறேன்மா," என்றார் தாதி, செல்வியைக் காட்டி.

"ஆத்தா வந்திருக்கிற நேரத்துல ஊசியா? நல்லா சொன்னீங்க போங்க," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "அடுத்த மாசம் வருவீங்கதானே மிஸி, அப்ப போட்டுக்கலாம் லா."

வேன் செம்மண் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து விளையாடப் போனான். செல்வி படுத்தாள். கண் சிவந்து, உடம்பு கொதித்து, இருமி இருமி மூச்சு வாங்கினாள். அம்மா வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்தார். ஆத்தா இறங்கிவிடுவாள் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக லோரியில் ஏற்றியபோது மூச்சு நின்றிருந்தது.

அடுத்த மாதம் வேன் வந்தது.

"வீட்டுல எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று தாதி கேட்டார்.

அம்மா சொன்னார், "ஒன்னு."