பதினெட்டு போர்டுகளும் ஒரு பி.ஏ.வும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது... அப்பா செத்த வாரமே சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த வாளியிலிருந்து நான் எழுப்பியதைக் கொஞ்சம் கேளுங்கள். மர்பி டவுனில் சொந்த ஓட்டு வீடு. ஹலசூர் கடைத்தெருவில் சொந்தப் பட்டறை. கண்டோன்மெண்டில் தையல் கடை, பேக்கரி, பல் டாக்டர், சவப்பெட்டிக் கடை — எந்த இங்கிலீஷ் போர்டைப் பார்த்தாலும் இரண்டில் ஒன்று என் பிரஷ். யுத்தம் வந்த பிறகு கேம்ப் வாசலில் 'உள்ளே வராதே' என்று துரைமாருக்கே உத்தரவு எழுதிய கை இது. யார் சிபாரிசும் கிடையாது!

இப்போது அந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. என் மருமகளின் பி.ஏ.

ஆனால் அதில் எனக்குப் பங்கு உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறைக்குப் போகிறேன், பிரஷை எடுக்கிறேன், வைக்கிறேன், வாசலுக்கு வருகிறேன். நேற்று ஒரு 'எஸ்' எழுதினேன் — செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. ஆகவே பத்திரிகை படிக்கிற உங்களிடமே கொட்டிவிடுகிறேன்.

ஸ்டெல்லா என் மகனின் மனைவி. மகன் வடக்கே எங்கோ பட்டாளத்தில். இவள் ஒரு பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. தேறினால் ஜூனில் ஹைஸ்கூல் வகுப்பு அவளுக்கு. தேறாவிட்டால் வேறொருத்தி வந்துவிடுவாள். தலைமை ஆசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரே ஒரு பேப்பரில் கோட்டை விட்டாள். இலக்கியத்துக்கென்று பெரிய பெரிய வார்த்தைகள் வைத்திருக்கிறார்களாமே, அந்தப் பேப்பர். அர்த்தத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பித்திருக்கிறாள். சொந்தமாக உதாரணம் கேட்ட இடத்தில் கை நின்றுவிட்டது.

ஒருநாள் பார்க்கிறேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் நோட்டு. ரசத்தின் ஆவியில் நோட்டு நனைகிறது. உதடு மட்டும் ஓடுகிறது.

"என்னம்மா, ஜெபமாலையா?"

"ஜெபமாலை சொல்லியிருந்தா போன வருஷமே பாஸ் ஆயிருப்பேன் மாமா. வார்த்தை நிக்கவே மாட்டேங்குது. ஒண்ணு ஏறினா ரெண்டு எறங்குது."

நிற்காத வார்த்தையை நிறுத்தி வைப்பதுதானே என் தொழில்?

"பென்சில்ல எழுதிக் குடு. போர்டா போட்டுடறேன்."

"வீட்டுக்குள்ளயா!"

"தெருவுல போறவன் வேணாம்னாலும் போர்டைப் படிக்கிறான் இல்ல? நீயும் படிப்பே."

பதினெட்டு போர்டு எழுதினேன். மேலே வார்த்தை பெரிதாக, கீழே அர்த்தம் பொடியாக. எழுத்து எனக்கு அத்துப்படி. அர்த்தம்தான் என் பக்கம் வராது. அதை மறைப்பானேன்? எந்த போர்டு எங்கே என்று அவள் காட்டினாள். காட்டிய இடத்தில் நான் ஆணி அடித்தேன். ஏன் அங்கே என்று கேட்கவில்லை.

அங்கேதான் வந்தது வினை.

ஈஸ்டருக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றினேன். அடித்து முடித்தபின் திரும்ப மாட்டும்போது, முப்பது வருஷத் தொழில்காரன் கை சும்மா இருக்குமா? சிவப்பெல்லாம் கூடத்தில், நீலமெல்லாம் உள்ளறையில், கறுப்பு சமையலறையில். பெரிசு மேலே, சிறிசு கீழே. தள்ளி நின்று பார்த்தேன். ஷோரூம் மாதிரி இருந்தது!

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஸ்டெல்லா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பரீட்சைக்கு எட்டு நாள்.

"மாமா... எலிஜி எங்க?"

"எது?"

"கறுப்பு போர்டு. அத்தை போட்டோ பக்கத்துல இருந்ததே!"

"கறுப்பா? சமையல்கட்டுல. புகை படிஞ்சாலும் தெரியாது பாரு."

குடையைக்கூட வைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வார்த்தைய ஞாபகம் வச்சுக்கல மாமா. எடத்தைத்தான் வச்சுக்கிட்டேன். பரீட்சையில கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்தா போதும்னு இருந்தேன். இப்ப கண்ண மூடினா ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கெடக்கு."

போன வருஷம் தவறியது அவள் கையால். இந்த வருஷம் தவறினால்... என் சுத்தியலால் அல்லவா?

"எழுந்திரு. இப்பவே மாத்திடறேன். எது எங்கன்னு மட்டும் சொல்லாதே, ஏன்னும் சொல்லு. காரணம் தெரிஞ்சா மறுபடி தப்பாது."

"இங்கிலீஷ்ல சொன்னா உங்களுக்கு..."

"தமிழ்ல சொல்லு!"

ஆரம்பித்தோம். நான் முன்னால் சுத்தியலோடு, அவள் பின்னால் போர்டோடு. கூடத்தில் லூர்துசாமி காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். ரயில்வே கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன், இங்கிலீஷ் பேப்பர் படிப்பவன். தினமும் சாயங்காலம் நம் வீட்டில்தான் காபி.

எலிஜி. "செத்துப்போனவங்கள நெனச்சு எழுதற பாட்டு மாமா." என் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் அந்த ஆணியை அடித்தேன். இரண்டாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது. பரவாயில்லை.

அடுத்தது ஓனமட்டபீயா. தையல் மிஷினுக்கு மேலே. "சத்தத்தையே வார்த்தையா ஆக்கிடறது. கடகடன்னு ஓடுது, சலசலன்னு ஓடுதுங்கறோம்ல?"

"கடகடவுக்கா இத்தனை நீட்டுப் பேரு? ஒரு பலகையில அடங்காம ரெண்டு பலகை ஒட்டினேனேம்மா!"

அப்புறம் ஐரனி. பின்கட்டுக் குழாய்க்கு மேலே. "தண்ணிக்குன்னு குழாய் வந்துச்சு. தண்ணி வரல. அதுமேல துணி காயப்போடறோம். தண்ணிய கெணத்துல எறைக்கறோம்."

"அது அக்கிரமம்மா."

"அக்கிரமந்தான். ஆனா சிரிப்பும் வருதுல்ல?"

வந்தது. எனக்கே வந்தது.

இப்படியே பதினேழு. கடைசியாக ஒன்று மிச்சம். சிவப்பில் மஞ்சள் எழுத்து, அத்தனையிலும் நான் அழகாக எழுதியது அதுதான். என் பிரம்பு நாற்காலிக்கு மேலே ஆறு மாதம் தொங்கியது.

"அது எங்க வேணா இருக்கட்டும் மாமா."

"ஏன்? என் சேருக்கு மேல இருந்தது. அங்கயே மாட்டறேன். காரணத்தைச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். லூர்துசாமியின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"சொல்லும்மா," என்றான். "ஆறு மாசமா அந்த போர்டுக்குக் கீழ உக்காந்து உங்க மாமா பேசறத நான் எப்படிச் சிரிக்காம கேட்டேன்னு எனக்குத்தான் தெரியும்!"

"ஹைபர்பலி மாமா," என்றாள் மெல்ல. "இருக்கறத... கொஞ்சம் பெருசாக்கிச் சொல்றது."

"கொஞ்சமா?" — லூர்துசாமி.

"நீ வாய மூடு!" எனக்கு முகம் சுட்டது. மாமனார் தலைக்கு மேலேயே, மாமனார் கையாலேயே எழுத வைத்து, மாமனாரையே ஆணியும் அடிக்க வைத்திருக்கிறாள்! கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வேலை பாதியில் நிற்பது எனக்கு ஆகாது. "உதாரணம்?" என்றேன்.

"நான் பிரஷ எடுத்தா மழை நிக்கும்னு சொல்வீங்களே..."

"நின்னுச்சே! அன்னிக்கு நிஜமாவே நின்னுச்சே!"

மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபின் லூர்துசாமிதான் டம்ளரைக் கீழே வைத்தான். "ஏம்மா, போன தடவ சொந்தமா உதாரணம் வரலைன்னுதானே போச்சு?"

"ஆமாங்க."

"இப்ப ஒரு மணி நேரமா வேற என்னதான் பண்ணிக்கிட்டு இருக்கே?"

அவள் சுவர் சுவராகப் பார்த்து, தான் சொன்ன உதாரணங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். நானும்தான்.

பரீட்சை அன்று ஹலசூர் ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்று என்று சொன்னால் நீங்களும் அந்த போர்டைக் காட்டுவீர்கள், விடுங்கள். மத்தியானம் பரீட்சை முடிந்து வந்தவள் சொன்னாள்: "எழுதிட்டேன் மாமா. எல்லாத்துக்கும் நம்ம வீட்டுலேர்ந்தே எடுத்து எழுதிட்டேன்." அதன்பின் ரிசல்ட் வரும்வரை தினமும் பேப்பர்காரனுக்கு முன்னால் நான் தெருமுனையில். வந்த நாள் அவள் நம்பரை முதலில் பார்த்தது என் கண்தான். நம்பர் படிக்க எனக்கு யார் தயவும் வேண்டாம்.

பாஸ்!

சந்தோஷந்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஃபாதர் பூசையில் தேவகிருபை என்றார். தலைமை ஆசிரியை தம் பள்ளியின் கட்டுப்பாடு என்றார். என் மகன் கடுதாசி போட்டிருக்கிறான் — தான் அனுமதி கொடுத்தது எவ்வளவு நல்லதாயிற்றாம். லூர்துசாமி மர்பி டவுன் முழுக்க 'நான் கோச்சிங் கொடுத்த பெண்' என்று சொல்லித் திரிகிறான். ஒரு மணி நேரக் காபிக்குப் பெயர் கோச்சிங்காம்! ஸ்டெல்லாவோ, வாழ்த்த வருகிறவர்களிடமெல்லாம் "வீட்டுல எல்லாரும் ஒத்தாசை" என்கிறாள். எல்லாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பது நானும் ஒரு பூனையும்.

போர்டு யோசனை யாருடையது? பலகை அறுத்தது யார்? எல்லாவற்றையும் இடம் மாற்றி மாட்டி அவளைப் பேச வைத்தது யார்? தவறுதான் — ஆனால் யார் செய்த தவறு?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பெரிய கடை போர்டானாலும், வலது பக்கக் கீழ்மூலையில் எழுதினவன் பெயர் பொடியாக இருக்கும். முதலாளி கேட்க மாட்டான். நாங்களும் விட மாட்டோம். பட்டப் பத்திரம் வந்ததும் சட்டம் அடித்துக் கண்ணாடி போட ஸ்டெல்லா அதை என்னிடம்தான் தர வேண்டும். அவளுக்கும் சேர்த்து இப்போதே அச்சில் சொல்லி வைக்கிறேன்: வலது பக்கம், கீழ்மூலை, அரை அங்குல எழுத்தில் என் பெயர். யுனிவர்சிட்டிக்காரர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் ஹலசூர் பட்டறைக்கு வந்து என்னோடு பேசட்டும்.